பதினேழு எட்டு

மாலை ஐந்தரைக்கு வாயிலை இழுத்துச் சாத்திவிட்டுக்
கூட்டிப் பார்த்தேன்: இருநூற்றுப் பன்னிரண்டு.
மலாவியிலிருந்து அன்று வெளியேறியவர்கள்.

அதே தகரக் கூரையின் கீழ்
பதினேழு எட்டுத் தள்ளி ஜாம்பியாவின் மேசை.
லுயாண்டோ ஹமூங்கா விரல் நனைத்துத் தாள் புரட்டி
நூற்றுத் தொண்ணூற்றேழு என்றாள்.

நடுவில் பதினைந்து பேர் தொலைந்துபோக
அங்கே பாலையும் இல்லை, கடலும் இல்லை.
சிமெண்டுத் தரை.
குடிதண்ணீர்ப் பீப்பாய்.
மழை ஒழுகுமிடத்தில் ஒரு நீல வாளி.

ஆறு வருடமாக இப்படித்தான்.
என் எண் லிலோங்வேக்கு, அவள் எண் லுசாகாவுக்கு.
எங்கோ யாரோ இரண்டையும் பக்கத்தில் வைத்து
'ஏறத்தாழ' என்ற சொல்லால் ஒட்டுப்போட்டிருப்பார்.

அன்று ஏனோ பேரேட்டை அக்குளில் இடுக்கி
மஞ்சள் கோட்டைத் தாண்டினேன்.
விதியில் இடமில்லை.
அவள் சுட்ட சோளத்தை இரண்டாக ஒடித்தாள்.

முதுகில் கட்டிய குழந்தைகளை நான் எண்ணுகிறேன்.
அவள் படிவத்தில் முதுகுக்குக் கட்டம் இல்லை.
நான்கு.
வேர்க்கடலைக்காரி அன்று மூன்று நடை நடந்திருக்கிறாள்;
எனக்கு மூன்று பெண்கள், அவளுக்கு ஒருத்தி.
சர்க்கரை லாரியில் மூட்டைகளின் மேல்
தூங்கியபடியே நாடு மாறிய மூன்று பையன்கள்:
என்னிடம் தாள் வந்தது, அவளிடம் முகம் போகவில்லை.
பணப்பையை மறந்து பாதியில் திரும்பிய தையல்காரர்
என் ஏட்டில் இன்னும் வெளிநாட்டில் இருக்கிறார்,
இந்நேரம் வீட்டில் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.
"சாவுக்குப் போகிறவர்களை நிறுத்தி
பிறந்த தேதி கேட்பாயா நீ?" என்றாள் லுயாண்டோ.
கையசைத்து அனுப்பியிருக்கிறாள். நான்கு பேர்.

பதினான்கு.

சோளம் தீர்ந்துவிட்டது.
எனெலேசி காலுவா, வயது பத்தொன்பது,
நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் முத்திரை.
எதற்காகப் பயணம் என்ற இடத்தில்
'உறவினரைப் பார்க்க' என்று என் கையெழுத்து.
எல்லோருக்கும் அதையே எழுதுகிறேன்.
கேட்பதில்லை.

பிப்ரவரியில் இயந்திரம் வந்தது,
இரண்டு மேசைக்கும் ஒரே கணக்கு.
பொய் சொல்லவில்லை, மகிழ்ந்தேன்.
குழந்தைக்குக் கட்டம் கிடைத்தது,
வேர்க்கடலைக்காரி எத்தனை நடை நடந்தாலும் ஒருத்தியானாள்.
பயிற்சி தந்த இளைஞரிடம் லுயாண்டோ கேட்டாள்:
"இங்கே தட்டும் பெயர்
இன்னும் எந்தெந்தத் திரையில் விழும்?"
அவர் கையேட்டைப் புரட்டினார்.
முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை.
"அது அடுத்த பயிற்சியில்."

மறுவாரம் ஒரு மனிதர் வந்தார்.
தேய்த்த சட்டை. கையில் இரண்டு கிலோ சர்க்கரை.
பொட்டலத்தை என் பக்கம் தள்ளி
எனெலேசி இந்த வழியாகப் போனாளா என்றார்.
குரல் உடைந்திருந்தது.
தேடித் தவிப்பவரின் குரலும்
துரத்திக் களைத்தவரின் குரலும்
ஒரேபோல் உடையும் போலிருக்கிறது.
எந்தத் திரையிலும் அதற்குக் கட்டம் இல்லை.

"பெயர் சொல்வதில்லை ஐயா.
மகளைக் காணோம் என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.
அவர்கள் கடிதம் வந்தால் தேடுவோம்."
சர்க்கரையை எடுத்துக்கொண்டு போனார்.
காவல் நிலையம் இருக்கும் பக்கம் அல்ல.

அன்றிரவு பழைய தேதியைத் திருத்தினோம்.
இரட்டிப்பைக் கழித்தேன், தையல்காரரை வீட்டுக்கு அனுப்பினேன்.
அவள் குழந்தைகளையும் பையன்களையும்
துக்கத்துக்குப் போனவர்களையும் சேர்த்தாள்.
என் பக்கம் இருநூற்றொன்பது.
அவள் பக்கம் இருநூற்றெட்டு.

"ஒன்றுதானே, ஏறத்தாழ என்று போட்டுவிடலாமா?"
பேனாவை மூடியபடி கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.
அந்த ஒன்று அப்படியே தெரியட்டும்.